வாசற்சுவரில் சாக்பீஸ் எண்கள்

குடிநீர் வாரியத்தின் பகுதிப் பணிமனையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், எங்கள் தெருவுக்கு விடியற்காலையில் தண்ணீர் திறந்துவிட வரும் அண்ணனுக்கும் வணக்கம்.

மூன்றாவது முறை அனுப்பிய குழாய்த் தண்ணீர் மாதிரியும் சுத்தம் என்று நேற்று மாலை ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்து இந்த மார்கழி எப்படிப் போனது என்று வடசென்னையின் இந்தக் குறுகலான தெருவில் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்காத வீடு ஒன்றுகூட இல்லை. அதையெல்லாம் திரும்பக் கிளறாமல், மனசு ஈரமாக இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

அண்ணன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் 'வால்வு மாமா', பெரியவர்களுக்கு 'தண்ணி விடுறவர்'. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை நாலரைக்குத் தெருமுனை வால்வைத் திறப்பது, ஏழு மணிக்கு மூடுவது, பதிவேட்டில் எழுதுவது, இதுதான் அவர் வேலை. குளோரின் அளவும் பார்க்க வேண்டும். ஆனால் தெருத் தொடக்கத்தில் ஒரு வீடு, கடைசியில் ஒரு வீடு பார்த்து எழுதினாலே பதிவேட்டுக்குப் போதும். மீதி 36 வீட்டு வாசலிலும் நின்று பார்க்கச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பார்த்ததைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவைக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், இரண்டே எண்கள். மேலே நேரம், கீழே குளோரின் அளவு. 4.50, 0.4. அளவு பூஜ்யமாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்ட வீட்டில் அன்று குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது, லாரித் தண்ணீர்தான். ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாடியில் வாடகைக்கு இருக்கும், தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தம்பிகளுக்கும் எண் புரிந்தது. தூறலில் அழிந்துபோனால் அடுத்த முறை வரும்போது திரும்ப எழுதினார். சாக்பீஸ் அவர் கைக்காசில் வாங்கியது என்பது பெட்டிக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

பயத்தில் இருக்கிறவர்களுக்கு 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதலைவிட, இன்றைக்கு என் வீட்டுக் குழாயில் வந்தது என்ன என்ற உண்மை எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அந்த வெள்ளை எழுத்துகள் காட்டின. பூஜ்யம் என்று எழுதியிருந்த நாளிலும் அந்தத் தெம்பு குறையவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்து, தெருவில் இப்போது ஒன்பது பேருக்கு இந்தச் சோதனை செய்யத் தெரியும். பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று அவர் சொன்னபடியே எழுதுகிறோம். குளோரோஸ்கோப் என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு துளிமருந்துப் புட்டி, வெளிர்மஞ்சளிலிருந்து அடர்மஞ்சள் வரை வண்ண அட்டை. குழாயைச் சோதிக்கும் தண்ணீராலேயே இரண்டு தடவை அலசிவிட்டு, கோடு வரை நிரப்பி, புட்டியில் எழுதியிருக்கும் கணக்குப்படி ஆர்த்தோடாலிடின் துளி விட்டு, மூடி ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, பத்து விநாடிக்குள் அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் முக்கியம். கிருமியைக் கொல்லும் வலு உள்ள தனிக்குளோரின் உடனே மஞ்சள் காட்டும். கழிவுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து வலு இழந்துபோன குளோரின் மெல்ல மெல்லத்தான் மஞ்சளாகும். ஆற அமர ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீர்போல நிறம் காட்டி ஏமாற்றிவிடும். பழைய இரும்புக் குழாயின் துரு கலந்து வந்தாலும் பொய் மஞ்சள் வரும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த மருந்து உடம்புக்கு ஆகாது.

தெருவின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5 இருப்பது நல்லது.

மாதிரியை எங்கே, எப்போது எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுவார்கள் என்றார். மூன்றாம் நாள் எட்டாம் எண் வீட்டில் மட்டும் பூஜ்யம் வந்து எல்லோரும் குழம்பினோம். அங்கே எடுத்தது சம்ப் என்ற நிலத்தடித் தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றிய தண்ணீர். தொட்டியில் ஒருநாள் தங்கினாலே குளோரின் இறங்கிவிடும். தெருக்குழாயிலிருந்து நேராக வரும் முதல் குழாயில்தான் பிடிக்க வேண்டும். அதுவும் தண்ணீர் வரத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள். ஆறு மணிக்கு நிதானமாக வந்து பிடித்தால் பளிங்குபோல இருக்கும், அளவும் சரியாகக் காட்டும், 'ஒன்றும் இல்லையே' என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். நாற்றமெல்லாம் முதல் நாலு குடத்தில் வந்து போயிருக்கும். அதனால்தான் அவர் பணிமனையில் கேட்டு இன்னும் மூன்று பெட்டி வாங்கிவந்து, தெருவை நாலு துண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எல்லா வாசலிலும் பார்க்க ஏற்பாடு செய்தார். டம்ளரில் பிடித்துவைத்து அப்புறம் பார்க்கலாம் என்றால் அதற்குள் அளவு இறங்கிவிடும்.

உடைப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் அந்தச் சாக்பீஸ்தான். ஐந்தாம் நாள் காலையில் தெருமுனையிலிருந்து சுவர்களைப் படித்துக்கொண்டே நடந்தால், 0.5, 0.5, 0.4, 0.4 என்று வந்து, பத்தொன்பதாம் எண் வரை 0.4. இருபத்தொன்றில் வட்டம். எதிர்ப்பக்கம் பதினெட்டு வரை 0.4, இருபதில் வட்டம். அதற்கு அப்பால் கடைசி வீடு வரை இரண்டு பக்கமும் வட்டம்தான். கழிவு உள்ளே நுழையும் இடத்தில் குளோரின் அதோடு போராடித் தீர்ந்துபோகிறது. தெருவே வரைபடமாகி, தோண்ட வேண்டிய பத்தடியைக் காட்டிக்கொடுத்தது. அதுவரை தெரு முழுக்கக் குழி வெட்ட வேண்டியிருக்குமோ என்ற கவலை பணிமனைக்கும் இருந்தது.

பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே சோதனைக் குழி வெட்டினார்கள். நாலடி ஆழத்தில் மெயின், அதாவது தெருவின் பெரிய தண்ணீர்க் குழாய். அதிலிருந்து கிளம்பிய முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் ஒன்று, எந்த வீட்டுக்கும் போகாமல், மழைநீர் வடிகாலின் சுவரைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. பல வருடத்துக்கு முன் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது புது இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். பழையதின் நுனியைச் சுத்தியலால் தட்டி மடக்கி மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மடக்கிய இடம் துருப்பிடித்து, தீக்குச்சித் தலை அளவுக்கு ஓட்டை. பக்கத்திலேயே ஸ்டோன்வேர் (சுட்ட மண்) கழிவுநீர்க் குழாயின் சிமெண்ட் இணைப்பு வேர் புகுந்து பிளந்திருந்தது. மழைக்குப் பிறகு வடிகாலும் மண்ணும் கழிவில் ஊறிக்கிடந்தன.

தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்த ஓட்டை வழியே வெளியேதான் கசியும், கெடுதல் இல்லை. ஏழு மணிக்கு வால்வை மூடியதும் மெயின் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளியே நிற்பது எதுவோ அது உள்ளே போகும். அடுத்த முறை திறக்கும்போது அதுதான் முதலில் வந்து சேரும். இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெருக்குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சிய வீடுகள் எங்களிடம் இருந்தன. கீழே ஒரு வீட்டில் மோட்டார் இழுத்தால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே மேலே இருக்கும் ஓட்டை வாயைப் பிளந்து சாக்கடையைக் குடிக்கும். யாரையும் கைநீட்டிக் குற்றம் சொல்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அண்ணன் இதை விளக்கினார். அபராதம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

குழியை மூடியபிறகும் அவர் விடவில்லை. பழைய இணைப்பை மெயினோடு பொருத்தியிருந்த ஃபெருலைக் கழற்றி மெயினில் இருந்த துளையையே அடைத்தாயிற்று, அடைப்பு வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே! அடுத்த நாலு முறையும் வால்வைக் கால் திருப்பு, கால் திருப்பாக, பத்து நிமிடம் எடுத்துத் திறந்தார். சட்டென்று திறந்தால் காற்றும் தண்ணீரும் மோதி, குழாயின் உட்சுவரில் படிந்த துரு முழுக்கக் கிளம்பிவரும். பலவீனமான இணைப்பு இன்னொரு இடத்தில் விட்டுப்போகும். முதலில் வரும் தண்ணீரைத் தெருக்கோடியில் உள்ள வாஷ் அவுட் என்ற வடிப்புக் குழாய் வழியே வெளியேற்றி, தெளிந்து, அளவு 0.4 தொட்டபிறகுதான் வீடுகளுக்குப் பிடிக்கச் சொன்னார். அந்த நேரமெல்லாம் டார்ச்சும் கையுமாகத் தெருக்கோடியில் நின்றார். இருபத்தொன்றாம் எண் சுவரில் முதல்முறையாக வட்டமில்லாமல் 0.3 என்று எழுதிய காலை, அந்த வீட்டுப் பாட்டி அந்த எண்ணைச் சுற்றிப் பொட்டு வைத்தார். இன்னும் அழியவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரிய பட்டியல். குடிநீர் வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் நடு இரவில் பேசிய குரல்களுக்கு நன்றி. புகார் எண்ணை ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திரும்பச் சொன்னீர்கள். சாக்கடை அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டியும் கழிவை உறிஞ்சும் சூப்பர் சக்கரும் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. தண்ணீர் திறக்கும் முன் மூன்றரைக்கும், மூடும் நேரம் ஏழுக்கும் வந்து மேன்ஹோல் மட்டத்தை மெயினுக்குக் கீழே இறக்கிவைத்ததால்தான் உடைப்பு அகப்படும்வரை நிலைமை மேலும் மோசமாகவில்லை. பன்னிரண்டடித் தெருவுக்குள் பின்பக்கமாகவே வண்டியை ஓட்டிவந்த லாரி ஓட்டுநர்கள், குழாய் பிட்டர்கள், குழியில் மண் அள்ளியவர்கள், மாநகராட்சிச் சுகாதார நிலையத்துச் செவிலியர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

பணிமனைப் பொறியாளருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேன்ஹோல் அடைப்பு எடுபடாமல் இரண்டு நாள் இழுத்தபோது, 'ஒரு ஆளை உள்ளே இறக்கினால் அரைமணியில் முடியுமே' என்று எங்களில் சிலர் கத்தினோம். இறக்க மாட்டேன் என்றார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேறு பணிமனையிலிருந்து பெரிய இயந்திரம் வரும்வரை தெருவிலேயே நின்றார். விஷவாயு எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று தெரிந்தும் அப்படிக் கேட்டதற்கு வெட்கப்படுகிறோம். மறுத்ததற்கு நன்றி.

வீடுவீடாக வந்த விழிப்புணர்வுக் குழுத் தங்கைகளால்தான் சம்ப்புகள் பிழைத்தன. தெருக்குழாய் சரியானாலும் வீட்டுத் தொட்டியில் பழைய தண்ணீர் இருந்தால் நோய் நிற்காது. அவர்கள் சொன்ன முறை இது. கெட்ட தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றாமல் சம்ப்பிலிருந்தே வெளியேற்றி, சுவரையும் தரையையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, வண்டலை அள்ளிவிட வேண்டும். பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரை அப்படியே கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கும் ஏற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் மொத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்தை முன்பே துண்டித்துவிட வேண்டும். இவ்வளவு குளோரின் பட்டால் அதன் சவ்வு பாழாகிவிடும். அதன் பிறகு நிரப்பும் தண்ணீருக்கு, அவசியமானால் 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும், ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். மூட்டை திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கட்டிதட்டிய பவுடருக்கு வலு இருக்காது. கழிவறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். நாலு வீட்டில் இரண்டையும் ஒரே வாளியில் வைத்திருந்ததைப் பார்த்து அவர்கள் பதறிய பதற்றத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எச்.டூ.எஸ். புட்டியும் கொடுத்தார்கள். கோடு வரை தண்ணீர் நிரப்பி, சமையலறை மேடையில் ஒரு நாள், இரண்டு நாள் விட்டால், கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். குளோரின் கணக்கைப் புரிந்துகொள்ளாதவர்களுக்கும் கறுப்பு புரிந்தது.

இந்த நாட்களில் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது இது. இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கெங்கிருந்தோ வருகிறது. கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் ஓடிப் பூண்டிக்கு வருகிறது. வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டவை. 2019 ஜூலையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே வந்தது, ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். இத்தனை பேர் உழைப்பில் இத்தனை தூரம் வந்த தண்ணீர், வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, யாரோ மடக்கிவிட்டுப் போன முக்கால் அங்குலக் குழாயில் கெட்டது. ஏரி நிலவரம் பேப்பரில் தினமும் வருகிறது. அந்தக் கடைசிப் பத்தடியை யார் பார்க்கிறார்கள்? விடியற்காலையில் வால்வு சாவியோடு வருகிற ஒருவர்தான் பார்க்கிறார்.

தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் 3 மீட்டர் இடைவெளி விட்டுப் போட வேண்டும், குறுக்கே போனால் தண்ணீர்க் குழாய் மேலே அரை மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொறியியல் விதி. எங்கள் தெருவின் அகலமே மூன்றரை மீட்டர்தான். இங்கே விதியைக் காப்பாற்றுவது கவனம் ஒன்றுதான். அதனால் தெருக்கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்டு முடிவு செய்திருக்கிறோம். லைனில் மாட்டிய மோட்டார் பதினொன்றும் கழற்றியாயிற்று. இனி மாட்ட மாட்டோம். வீட்டை இடிக்கிறவர்கள் கடப்பாரையைத் தொடும் முன் பணிமனையில் எழுதிக்கொடுத்து, பழைய இணைப்பை மெயினிலேயே, ஃபெருலோடு மூடச் சொல்ல வேண்டும். கேட்டருகில் வெட்டி அடைப்பது கணக்கில் வராது. வடிகாலுக்குள் புகுந்து வரும் ஆறு வீட்டு இணைப்புகளையும் வடிகாலுக்கு மேலே ஏற்றி, உறைக்குழாய் போட்டு மாற்றும் வேலை பொங்கலுக்குள் முடிகிறது. சம்ப் மூடிகளைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திக் கட்டுகிறோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தெருவிலிருந்து இரண்டு பேர், குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்வருவார்கள்.

அண்ணா, நீங்கள் விட்டுப்போன குளோரோஸ்கோப்பும் ஒரு பெட்டி சாக்பீஸும் பன்னிரண்டாம் எண் திண்ணை மாடத்தில் இருக்கின்றன. துளிமருந்து மட்டும் அடுத்த மாதத்துக்குப் போதாது, வரும்போது ஒரு புட்டி கொண்டுவாருங்கள். இன்று காலை எழுதியது பத்தாம் வகுப்புப் பிள்ளை. கடைசி வீடு, 4.55, 0.3.

இப்படிக்கு,
தெருவாசிகள்